முனை முறிந்த ஏழு

பொறாமைக்காரன் எழுதும் கட்டுரை இது. முதலிலேயே சொல்லிவிட்டால் வாசிப்பவர்களுக்கும் வசதி, எனக்கும் வசதி.

நான் ஓய்வு பெற்று மூன்று வருடங்கள் ஆகின்றன. டல்லாஸ் பக்கத்தில் ஓர் ஏல நிறுவனத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன். ஏலத்துக்கு வரும் பழைய கைத்துப்பாக்கிகளைப் பரிசோதித்து, இது எந்தக் காலத்தது, எந்தத் தொழிற்சாலை செய்தது, எந்தப் பாகம் பின்னால் மாற்றப்பட்டது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. இப்போது அங்கே எழுத்துகளையும் எண்களையும் ஒப்பிட ஒரு ஸ்கேனர் வந்துவிட்டதாம். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் மெயில் அனுப்பியிருந்தார்கள். "மெஷின் இல்லாத காலத்தில் எப்படி முடிவு செய்தீர்கள்? கடினமான கேஸ் ஒன்றை விவரமாக எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் அளவுகளெல்லாம் சரியாக இருந்தன. அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் கோயம்புத்தூர். பம்ப் செய்யும் தொழிற்சாலையின் டூல் ரூமில் ஆறு வருடம், பிறகு அமெரிக்கா வந்து டல்லாஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் தொலைபேசிக் கருவிகளுக்கு உலோக உறை செய்த கம்பெனியில் தர ஆய்வாளர். அந்தக் கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை எங்களில் பாதிப் பேரை ஆளுக்கொரு அட்டைப்பெட்டியோடு வெளியே அனுப்பியது. எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். பிறகுதான் ஏல நிறுவனத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. மைக்ராஸ்கோப்பும் மைக்ரோமீட்டரும் பிடிக்கத் தெரிந்த ஆள் தேவை என்றிருந்தது. துப்பாக்கியை வாழ்நாளில் தொட்டதில்லை என்று இன்டர்வியூவில் உண்மையைச் சொன்னேன்.

"நல்லது. கெட்ட பழக்கம் எதுவும் படிந்திருக்காது" என்றார் வாரன். அவர்தான் துறைத் தலைவர். டெக்ஸஸ்காரர், ஆறடிக்கு மேல் உயரம், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன்.

எங்கள் துறையின் உயிர் ஒரே ஒரு பிஸ்டல் வடிவம். 1911 என்று ராணுவம் பெயர் வைத்த, ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. நூறு வருடத்துக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. ஆனால் இரண்டு உலகப் போர்களிலும் ஒரு கம்பெனியால் செய்து மாளாமல் பல கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். தட்டச்சுப் பொறி செய்தவர்கள், ரயில்வே சிக்னல் செய்தவர்கள், தையல் மிஷின் செய்தவர்கள் எல்லாரும் இதைச் செய்தார்கள். வரைபடம் ஒன்று, ஆனால் கைகள் வேறு. ஒருவர் செய்தது சாம்பல் நிறத்தில் இருக்கும், இன்னொருவருடையது மங்கிய நீலம். விசையின் நீளம், பிடியின் பின்பக்க வளைவு, மரப்பிடியா பிளாஸ்டிக் பிடியா என்பது வருடத்துக்கு வருடம் மாறும். சேகரிப்பவர்கள் இந்த வித்தியாசங்களுக்காகத்தான் உயிரை விடுவார்கள். எங்கள் ஒப்பீட்டு அறையில் ஆழமில்லாத இழுப்பறைகளில் இப்படி நாற்பத்திரண்டு பிஸ்டல்கள் வரிசையாக இருந்தன.

வாரனின் முறையை நான் இன்றும் தூக்கத்தில் சொல்வேன். தோட்டாக்களை அடைக்கும் மேகசினைக் கழற்று. ஸ்லைடை, அதாவது மேலே பின்னும் முன்னும் ஓடும் பாகத்தை, பின்னால் இழுத்துப் பூட்டு. தோட்டா இருக்கும் அறைக்குள் கண்ணால் பார், சுண்டுவிரலால் தடவு, மறுபடி பார். குழல் சுவரைப் பார்க்கும்படி சாம்பல்நிற ஃபெல்ட் துணிமேல் படுக்கவை. பத்து நிமிடம் தொடாமல் பார்த்து, தோன்றியதை எழுது. அடுத்து விளக்கை இடப்பக்கம் தாழ வைத்துப் பார், பிறகு வலப்பக்கம். அதற்குப் பிறகுதான் லென்ஸ். குடும்பம் கொண்டுவந்த கடிதம், போட்டோ, தாத்தா கதை எல்லாம் அவருடைய மேசை டிராயருக்குள் பூட்டிக் கிடக்கும். பரிசோதனை முடிந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி வெளியே வரும். "போலி" என்ற வார்த்தையை அவர் சொல்லிக் கேட்டதில்லை. "என் பென்சில் இதற்கு நகர மறுக்கிறது" என்பார், அவ்வளவுதான். இரண்டு பரிசோதகர்கள் ஒத்துப்போனால்தான் பிஸ்டல் ஏலத்துக்குப் போகும். ஒத்துப்போகவில்லையென்றால் சொந்தக்காரரிடமே திரும்பிவிடும்.

ஒன்பது வருடம் அந்த இடத்தில் எனக்கு நிகர் கிடையாது. முக்கியமாக என் அச்சுகள். துப்பாக்கியில் அடித்த எண்ணின் மேல் ரப்பர் கலவையை ஊற்றி, காய்ந்ததும் உரித்தால் எண் மேடாகப் பதிந்து வரும். விற்றுப்போன துப்பாக்கி திரும்பி வராது, ஆனால் அதன் அச்சு நம்மிடம் இருக்கும். முந்நூறுக்கும் மேல் எடுத்து வைத்திருந்தேன். வெளியூர் வல்லுநர்கள்கூட "துரையைக் கேளுங்கள்" என்பார்கள்.

அப்போதுதான் ஸ்டெல்லா வந்தாள். திருச்சிக்காரப் பெண், வயது நாற்பத்தைந்து இருக்கும். அதற்கு முன் ஒரு பல் லேபில், பல்லின் மேல் மாட்டும் கிரவுன் செய்யும் டெக்னீஷியன். லேபில் பாதி வேலையை மெஷினுக்கு மாற்றியதால் வேறு வேலை தேடியவள்.

புது ஆளுக்கு வாரன் வைக்கும் பரீட்சை ஒன்று உண்டு. ஏழு ஸ்லைடுகளின் எழுத்துகள்மேல் டேப் ஒட்டி மேசையில் வைப்பார். எது எந்தத் தொழிற்சாலை என்று பிரிக்க வேண்டும். எனக்கு ஒரு முழு நாள் ஆனது, மூன்று தப்பு. ஸ்டெல்லா அவளுடைய காப்பி ஆறுவதற்குள் முடித்தாள். ஒரே ஒரு தப்பு.

"எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"பாலிஷ் பண்ணின கை தெரியுதுண்ணா. எங்க லேபுலயும் அப்படித்தான். கிரவுனைப் பாத்தாலே இது யார் செஞ்சதுன்னு சொல்லிடுவேன்."

அண்ணா என்றுதான் முதல் நாளிலிருந்தே கூப்பிட்டாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திமிர் பிடித்தவளாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

இரண்டாவது வாரம் என் அச்சு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அண்ணா, இது என்ன மெட்டீரியல்? உள்ள பபிள் வந்திருக்கே. பல்லுக்கு இம்ப்ரெஷன் எடுக்கிற சிலிக்கோன் யூஸ் பண்ணிப் பாக்கலாமா?"

மறுநாள் கொண்டுவந்தாள். அவள் எடுத்த அச்சில் எண்ணின் ஓரத்தில், அதை அடித்த உளி உண்டாக்கிய பிசிறுகூடத் தெரிந்தது. வாரன் லென்ஸை எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிருப்பில் இருந்த நாற்பத்திரண்டுக்கும் ஸ்டெல்லா புதிதாக அச்சு எடுக்கட்டும் என்றார். என் முந்நூறையும் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டதாக நானே சொல்லிவிட்டு, ஒரு பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்து கராஜில் வைத்தேன்.

அதற்குப் பிறகு என் நாட்கள் எப்படிப் போயின என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. புதுத் துப்பாக்கி வந்தால் வாரன் முதலில் யார் மேசைக்குப் போகிறார் என்று பார்ப்பேன். அவள் மேசைக்குப் போனால் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்காது. என் மனைவி மல்லிகா அவளை அடிக்கடி வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவாள். ஒரு தடவை வெறுங்கையோடு வராமல், சாமி ரூமில் தும்பிக்கை உடைந்து கிடந்த பிள்ளையாரைப் போன தடவை பார்த்திருந்ததால் அதை ஒட்டுவதற்கு ஏதோ பசை கொண்டுவந்தாள். கோயிலுக்குப் போகாத கத்தோலிக்கப் பெண், எங்கள் பிள்ளையாருக்குத் தும்பிக்கை சரி பண்ணிக் கொடுத்தாள். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை.

"என்ன கைங்க அந்தப் பொண்ணுக்கு!" என்று மல்லிகா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டிலும் எனக்கு நிம்மதி போயிற்று.

இப்படி நான்கு வருடம் ஓடிய பிறகு வந்ததுதான் மிஸஸ் ஹோல்ட்டின் பிஸ்டல்.

மிஸஸ் ஹோல்ட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமனார் போரிலிருந்து கொண்டுவந்தது கணவருக்கு வந்து, கணவர் போன பிறகு இவர் அலமாரியில் கிடந்தது. ரயில்வே சிக்னல் கம்பெனி செய்தது. அந்தக் கம்பெனி இதைச் செய்தது கொஞ்ச காலம்தான் என்பதால் அதன் பிஸ்டல்களைத் தேடுபவர்கள் அதிகம், போலி செய்பவர்களும் அதிகம்.

ஸ்டெல்லாதான் முதல் பரிசோதகர். ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டாள்: எல்லாம் அசல். இரண்டாவது ஆள் நான். அவள் தப்பு பண்ணியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் விளக்கைப் போட்டேன். விளக்கை வலப்பக்கம் தாழ்த்தியதும் கிடைத்தது. எண்ணின் கடைசி இலக்கம் ஏழு. மற்ற இலக்கங்களைவிட முடி அளவு மேலே ஏறி நின்றது. அதன் தலைக்கோட்டின் இடது முனை முறிந்திருந்தது. சுற்றிலும் உலோகம் லேசாகத் தேய்ந்து பள்ளமாக இருந்தது. பழைய இலக்கத்தைத் தேய்த்துவிட்டு வேறு ஒன்றை அடித்திருக்கிறார்கள் என்று எழுதினேன். அளவுகளோடு, படங்களோடு, ஐந்து பக்கம்.

ஸ்டெல்லா வந்து நின்றாள். "பள்ளம் இருக்குண்ணா, நானும் பாத்தேன். ஆனா அந்த ஏழுக்கு உள்ளயும் அதே நீலம், கலருக்கு முன்னாடி மணல் அடிச்ச அதே புள்ளி. கலர் ஏத்தறதுக்கு முன்னாடியே அடிச்ச நம்பர் அது. ஃபேக்டரிலயே யாரோ தப்பா அடிச்சு, தேய்ச்சுட்டு, திரும்ப அடிச்சிருக்காங்க."

"மொத்தத் துப்பாக்கிக்கும் பின்னாடி யாராவது புதுசா கலர் ஏத்தியிருக்கலாமே?"

"ஏத்தியிருந்தா எழுத்தோட ஓரம் மழுங்கியிருக்கும்ல?"

"அது உன் கண்ணுக்குத் தெரியறது. புரூஃப் என்ன இருக்கு?"

அவள் தன் மேசைக்குத் திரும்பிப் போனாள். அன்று வியாழக்கிழமை. எனக்குள் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. முனை முறிந்த ஏழாம் எண் ஒன்றை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கராஜில் பெட்டியைத் திறந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்டெல்லா வருவதற்கு முன்பே விற்றுப்போன ஒரு சிக்னல் கம்பெனி பிஸ்டலின் அச்சு. குமிழிகளுக்கு நடுவே அதே ஏழு, அதே இடத்தில் முறிந்த முனை. அந்த எண்ணுக்கும் மிஸஸ் ஹோல்ட்டின் எண்ணுக்கும் இடையே நூறுகூட வித்தியாசம் இல்லை. அதாவது தொழிற்சாலையில் ஏழு அடிக்கும் உளியின் முனை உடைந்து, மாற்றும்வரை அதே உளியால் அடித்திருக்கிறார்கள். அந்த உளி வேறு எவன் கையிலும் இருந்திருக்க முடியாது. துப்பாக்கி அசல். அவள் சொன்னது சரி.

பெட்டியை மூடி, மேலே பெயிண்ட் டப்பாவைத் தூக்கி வைத்தேன்.

மறுநாள் வாரன் எங்கள் இருவர் அறிக்கையையும் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்து, "துரை, வேறு எதுவும் இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பிஸ்டல் மிஸஸ் ஹோல்ட்டிடம் திரும்பிப் போனது.

அடுத்த வாரம் ஸ்டெல்லா வேலை செய்த விதத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலையை ஒரு நாள் செய்தாள். எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். சாதாரணத் தட்டச்சுக் கம்பெனி பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, இது சரிதானே? நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றாள். பார்த்துச் சொன்னேன். அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லஞ்ச் ரூமில் சொன்னாள். "மிஸஸ் ஹோல்ட்டுக்கு சாரி சொல்லலாம்னு கால் பண்ணேண்ணா. நாளைக்கு கார்லண்ட்ல ஒரு சர்ச்சுல துப்பாக்கி சரண்டர் பண்ற நிகழ்ச்சி நடக்குதாம். அங்க குடுக்கப் போறாங்களாம். வாங்கினதை எல்லாம் வெட்டிப் போட்டுடுவாங்களாம். போலின்னு ஆனப்புறம் வீட்ல எதுக்குன்னு கேக்கறாங்க." தட்டை மூடிவிட்டு, "என் கண்ணுல ஏதோ கோளாறு போலண்ணா" என்றாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில்தான், மல்லிகா கொடுத்த தோசையை அப்படியே வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து அந்த அச்சை எடுத்து ஸ்டெல்லா வீட்டுக்கு டிரைவ் பண்ணினேன். அவளிடமும் முழு உண்மையைச் சொல்லவில்லை. "மேட்ச் கெடச்சிருச்சும்மா, என் பழைய அச்சுல" என்று மட்டும் சொன்னேன்.

வாசலிலேயே லென்ஸை வைத்துப் பார்த்தவள் கத்திவிட்டாள். "அண்ணா! அதே ஏழு! நீங்க தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்களே? நல்ல வேளை வச்சிருந்தீங்க!" என் காரிலேயே சர்ச்சுக்குக் கிளம்பினோம், ஃப்ரீவே முழுக்க என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தாள். அந்த இருபது நிமிடம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே ஓட்டினேன்.

சர்ச்சின் பார்க்கிங்கில் கார்கள் வரிசையில் நின்றன. மஞ்சள் சட்டை போட்ட தொண்டர்கள் ஒவ்வொரு காராக டிக்கியைத் திறக்கச் சொல்ல, போலீஸ்காரர் துப்பாக்கியை எடுத்துச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தார். மிஸஸ் ஹோல்ட்டின் பழைய பிக்கப் முன்னாலிருந்து மூன்றாவதாக நின்றது. ஸ்டெல்லா இறங்கி ஓடினாள். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள்.

மிஸஸ் ஹோல்ட் என்னை மேலும் கீழும் பார்த்தார். "போலி என்று எழுதியது நீங்கள்தானே?"

"ஆமாம். நான் எழுதியது தப்பு. இது அசல்."

"இதை எப்போது கண்டுபிடித்தீர்கள்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். பள்ளிப் பிள்ளைகளிடம் முப்பது வருடம் கேட்டுப் பழகிய கேள்வி. முன்னால் நின்ற கார் நகர்ந்தது. இன்று காலை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஒன்பது நாள் முன்னால்" என்றேன்.

"உங்கள் ஆபீஸ் திருப்பி அனுப்பியதற்கு முன்பா?"

"அதற்கு முதல் நாள்."

அவர் வரிசையிலிருந்து பிக்கப்பை வெளியே எடுத்தார். நான் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

காரைத் திருப்பி ஓட்டினேன். அவள் வீட்டுத் தெரு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"துப்பாக்கியை விடுங்க. இந்த ஒன்பது நாள்ல நான் என்ன பண்ணேன் தெரியுமா? கண் டாக்டர்கிட்ட போனேன். பழைய லேபுக்கு கால் பண்ணி வேலை இருக்கான்னு கேட்டேன். ஒவ்வொண்ணையும் உங்ககிட்ட கொண்டுவந்து காட்டினேனே, அப்பகூட உங்களுக்குச் சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு" என்றேன்.

"அப்புறம்?"

"பொறாமை. வேற ஒண்ணும் இல்ல. நீ வந்த நாள்லேர்ந்து."

"எங்கிட்ட என்ன இருக்குன்னு பொறாமை?" என்றாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழவில்லை. கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனாள்.

அன்றே மல்லிகாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை வாரனிடம் சொன்னேன். அவர் பென்சிலை மேசைமேல் வைத்தார். "ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும், அது என் தப்பு" என்றார். வேலையை விட்டு எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. மிஸஸ் ஹோல்ட் மனம் மாறிப் பிஸ்டலைத் திரும்பக் கொண்டுவந்தபோது, கேட்லாக் குறிப்பை என்னையே எழுதச் சொன்னார். அசல் என்று கண்டவர் பெயர் ஸ்டெல்லா. கீழே ஒரு வரி: இரண்டாம் பரிசோதகர் தன் முதல் கருத்தைத் தவறென்று திரும்பப் பெறுகிறார். பத்து வார்த்தைகூட வராத அந்த வரிக்கு எனக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. அன்றிலிருந்து எல்லாப் பிஸ்டலும் முதலில் அவள் மேசைக்குத்தான் போயின. என் முந்நூறு அச்சுகளையும் கராஜிலிருந்து ஆபீசுக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.

மேலும் நான்கு வருடம் ஒரே அறையில் வேலை செய்தோம். வேலையில் எதையும் அவள் மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஆனால் அந்த சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டாள். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதும் நின்றது. மல்லிகாவோடு மட்டும் போனில் பேசுவாள். வாரன் வேலையை விட்டுப் போன பிறகு துறைத் தலைவராகவும் ஆனாள். அவள் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்த அன்று கைதட்டினேன். வயிறு எரிந்துகொண்டேதான் கைதட்டினேன்.

ஓய்வு பெற்ற பிறகு குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. ஏலத்துக்கு முன் அவர்கள் இணையத்தில் போடும் கேட்லாக்கை இன்றும் வரி விடாமல் படிக்கிறேன். முதலில் தேடுவது ஸ்டெல்லா கையெழுத்துப் போட்ட குறிப்புகளில் தப்பு இருக்கிறதா என்றுதான். வருடக்கணக்கில் எதுவும் கிடைக்கவில்லை. போன மாதம் கிடைத்தது. தட்டச்சுக் கம்பெனியின் பிஸ்டல் ஒன்றில் குழலும் அசல் என்று போட்டிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் குழலில் வேறு கம்பெனியின் குறி. பின்னால் மாற்றிய குழல். உடனே போனை எடுத்தேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று போய் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆமா சார், நான்தான் மிஸ் பண்ணிட்டேன். இப்பவே மாத்திடறேன். நல்லவேளை ஏலத்துக்கு முன்னாடி சொன்னீங்க."

சமையலறைக்குப் போய் மல்லிகாவிடம் இன்னொரு டம்ளர் காப்பி கேட்டேன்.

"என்ன விசேஷம்? முகமெல்லாம் சிரிப்பா இருக்குது?"

"ஸ்டெல்லா ஒரு தப்பு பண்ணிட்டா."

மல்லிகா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"பாத்த ஒடனே சொல்லிட்டேன்."

"சரி, அப்பக் குடிங்க" என்று டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.